சன்னதம் அண்ணையும் தொத்தோரேயின் துவக்கும்

பலெர்மோ நகரத்தில் கோபப்படத் தெரிந்த தமிழர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லோரும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சூட்கேஸ் நிறை கூடிவிட்டது என்றதும் கோபத்தைத்தான் முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். தொண்ணூறுகளில் அங்கே வீட்டுவேலை செய்த எங்களைப் பற்றிச் சிஞ்ஞோராக்கள், அதாவது வீட்டு எசமானிகள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதுதான்: "தமிழ் ஆட்களா? பிராவி! சத்தமே போட மாட்டார்கள்." பிராவி என்றால் நல்லவர்கள். எதைச் சொன்னாலும் செய்வார்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சன்னதம் அண்ணை பிராவி அல்ல.

சாமி வந்து ஆடுவதைத்தான் எங்கள் பக்கத்தில் சன்னதம் என்போம். அவர் மன்னார்க் கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவர். அவருக்குப் போய் அம்மன் கோயில் பட்டமா என்று எங்கள் தமிழ்ச் சுவாமியார் மனம் நொந்து, அப்படிக் கூப்பிடக் கூடாது என்று கண்டித்துப் பார்த்தார். பிறகொரு ஞாயிறு, ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்று பிரசங்கம் வைத்தார். நடு வாங்குப் பலகையில் இருந்து அண்ணை எழும்பினார்.

"சுவாமி, எனக்கு ரெண்டு கன்னமும் முடிஞ்சுது. இனி எதைக் காட்டுறது?"

அதற்குப் பிறகு சுவாமியார் பட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆளைப் பார்த்தால் முருங்கைக்காய். குரலோ துறைமுகத்தில் கப்பல் ஊதுவது போல. கால்சாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில்தான் அவரும் இருந்தார். அவர் படியேறி வரும்போதே யாரோடு கோபம், எதற்குக் கோபம் என்று எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும். மொண்டெல்லோவில் ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மீனைப் பார்த்து இன்று பிடித்ததா என்று கேட்க, குசினிக்குள் இருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, "இதை எனக்குப் போன கிழமையிலிருந்து தெரியும்!" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தினார். வேலை அன்றே போயிற்று. "மீன்காரன்ரை பிள்ளை நான். செத்த மீனுக்கு நான் பொய்ச்சாட்சி சொல்லுறதோ?" என்று எங்களிடம் வந்து இரண்டாவது தடவையும் கத்தினார்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், நாட்டில் இருக்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மழைக்குள் வரிசையில் நிற்கிறோம். கழுத்துப்பட்டி கட்டிய யாரோ ஒருவர் வரிசையை வெட்டி முன்னுக்குப் போய் நின்றார். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். நிலத்தைப் பார்ப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அண்ணை மட்டும் மன்னார்த் தமிழில் வாணம் விட்டார். என்ன சத்தம் என்று உள்ளேயிருந்து வந்த அதிகாரி சிசிலியனில் திருப்பிக் கத்தினார். இருவருக்கும் மற்றவர் பேச்சில் ஒரு சொல் விளங்கவில்லை. நாலு கைகளும் காற்றில் பறந்தன. கடைசியில் கழுத்துப்பட்டி வரிசையின் வாலுக்குப் போனது, அண்ணைக்கு உள்ளேயிருந்து கோப்பி வந்தது. சிசிலிக்காரருக்குச் சத்தம் போடுகிறவனைப் பிடிக்கும். பேசாமல் நிற்கிறவனைத்தான் ஆளா கதிரையா என்று தெரியாமல் பார்ப்பார்கள்.

இதெல்லாம் மற்றவர்களுக்கு நடக்கும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் எனக்கு நடந்தது. அப்போது நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, மூன்றாம் மாடி யன்னலை வெளிப்பக்கமாகத் துடைக்க என்னை விளிம்பில் ஏற்றி விட்டிருந்தார். ஒரு கையில் துணி, மறு கையில் யன்னல் சட்டம். கீழே கப்பல் ஊதியது.

"எடி பிள்ளை, இறங்கு! கண்ணாடி துடைச்சு விழுந்து சாகவோ கொம்மா உன்னைப் பெத்தவ? எங்கை அந்த மனுசி? சிஞ்ஞோரா! சாலி தூ! சாலி தூ!"

சாலி தூ என்றால் நீ ஏறு. பழவண்டிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிர்க் கடை முடிதிருத்துகிறவர். கொஞ்ச நேரத்தில் தெருவே கைதட்டிக்கொண்டு "சாலி தூ!" என்று பாடியது. எட்டிப் பார்த்த சிஞ்ஞோரா பீட்ரூட் கிழங்கு போல் சிவந்து என்னை உள்ளே இழுத்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. கன நாள் அவரோடு கதைக்காமல் திரிந்தேன். ஆனால் அடுத்த கிழமையே அந்த வீட்டுக்கு நீளக் காம்பு வைத்த துடைப்பான் ஒன்று வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தால் கதிரையில் இருக்க முன் மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பார். காஸ் குழாயைத் தடவுவார். "உது குழாயில்லை, பாம்புச் சட்டை" என்று ஒருமுறை கத்தியை எடுத்து ஒரே வெட்டு. "இனி மாத்துவாய்தானே?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி வரவில்லை என்று அதற்கும் கோபித்தார்.

என் வீட்டுக்காரர், அதாவது என் கணவர், அண்ணைக்கு நேர் எதிர். பலெர்மோவில் அதிக தடவை 'ஸி' சொன்ன மனிதர் யாரென்று போட்டி வைத்திருந்தால் இவருக்குத்தான் கோப்பை. ஸி என்றால் ஓம். பொதியைத் தூக்கு என்றால் ஸி, நாயைக் குளிப்பாட்டு என்றால் ஸி, விடுமுறை இல்லை என்றாலும் ஸி. நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று எனக்கு எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது.

நாங்கள் மூவரும் கடைசியில் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டத்தோடு ஒரு பழைய வில்லா. முதலாளியைத் தொத்தோரே என்று கூப்பிட வேண்டும். அவர் டொக்டர் அல்ல. அந்த ஊரில் நல்ல சப்பாத்துப் போட்டவர் எல்லோரும் தொத்தோரேதான். நான் வீட்டு வேலை, இவர் கார் ஓட்டுவதும் எடுபிடியும், அண்ணை தோட்டம். எங்கள் இருவரின் பெர்மெஸ்ஸோவும் தொத்தோரே போடும் வேலை ஒப்பந்தக் கையெழுத்தில்தான் தொங்கியது. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் நாங்கள் அந்த நாட்டிலேயே இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் தொத்தோரேக்குக் காட்டுப்பன்றி வேட்டைப் பைத்தியம் பிடித்தது. சிநேகிதர்கள் எல்லோரிடமும் புத்தம் புதுத் துவக்கு. துவக்கு என்றால் துப்பாக்கி, எங்கள் பேச்சில். தொத்தோரே மட்டும் தான் கெட்டிக்காரர் என்று காட்ட, ஏதோ ஒரு பழைய யுத்தத்தில் சிப்பாய்கள் தூக்கித் திரிந்து, யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் கழித்துவிட்ட துவக்கு ஒன்றை வாங்கி வந்தார். அந்தக் காலத்துத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லையாம். அதற்காக யாரோ ஒரு பட்டறைக்காரர், தோட்டா வைக்கும் அறையை உள்ளே கடைந்து, இந்தக் காலத்து வேட்டைத் தோட்டா கொள்ளும்படி செய்திருந்தார். புதுத் தோட்டாவுக்கு உதை அதிகம். ஆனால் துவக்கின் இரும்பு பழைய இரும்புதான். மரக்கட்டைக்கு மட்டும் கண்ணாடி போல வார்னிஷ். கிழவர் தலைக்கு மை பூசி இளந்தாரிகளோடு பாரம் தூக்கும் போட்டிக்கு அனுப்பிய மாதிரி.

தொத்தோரே அதைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்து எங்கள் மூவருக்கும் காட்டினார். அண்ணை எலுமிச்சை வெட்டும் கத்தரியோடு நின்றார்.

"இதை ஆர் சோதிச்சது?"

"விற்றவன் என் சிநேகிதன். சிநேகிதன் ஏமாற்றுவானா?"

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்கள் சாப்பாட்டுக்கு வருகிறார்களாம். அவர்கள் முன்னால் குறி தவறினால் மானம் போய்விடும். அதனால் நாளைக்கே ஒருவர் நாலைந்து வெடி வைத்து, அது எங்கே பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தனக்குத் தோள் நோகிறதாம். முந்தின நாள் டென்னிஸ் விளையாடிய அதே தோள். தொத்தோரே அண்ணையின் தோளில் கை வைத்துச் சிரித்தார். "உங்கள் நாட்டில் யுத்தம் அல்லவா? உங்களுக்கு இது பழக்கம்தானே."

அண்ணைக்கு ஏறியது. பாதி இத்தாலியன், பாதி தமிழ்.

"பழக்கமோ? தொத்தோரே, துவக்குச் சத்தம் கேளாத இடம் எங்கை இருக்குது எண்டு தேடித்தான் நான் இஞ்சை வந்தனான்! சுடப் பழகினவன் அங்கை நிக்கிறான். ஓடப் பழகினவன்தான் உங்கடை எலுமிச்சைக்குத் தண்ணி விடுறான்!"

கத்தரி பறந்து தோட்டத்து மீன்தொட்டிக்குள் விழுந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தொத்தோரே சொன்னார். வருவதாக இல்லை என்று அண்ணை சொன்னார். தொத்தோரே மெல்லத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ?"

வாசகர்களே, இவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அன்று பின்னேரம் வீட்டில் நான் சண்டை பிடித்தேன். எனக்குக் கத்தத் தெரியாது, அதனால் கோப்பைகளைச் சத்தமாகக் கழுவினேன். இவர், "நாலு வெடிதானே, வைச்சுப்போட்டு வாறன். ஒப்பந்தம் முடியிற நேரத்திலை அந்தாளோடை ஏன் கொழுவுவான்?" என்றார். அண்ணை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் காதைப் பொத்தத் தயாரானேன். அவர் சத்தமே போடவில்லை. கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, உன்ரை மனுசன்ரை பழைய சேட்டு ஒண்டு தா" என்றார் மெதுவாக. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலை பகேரியா ரயிலில் எங்களுக்கு எதிரே வந்து குந்தினார். மடியில் சேட்டு. சட்டைப் பையில் ஒரு சுருள் தங்கூசி, மீன்காரர் தூண்டிலுக்குப் பாவிக்கும் நைலோன் நூல். வில்லாவின் படலையை, நேற்று வேலை போன மனிதர், காலால் தள்ளித் திறந்தார். நேரே தோட்டத்துக்குப் போனார். சேட்டுக்குள் வைக்கோலை அடைத்தார். இரும்புக் கதிரை ஒன்றை இழுத்து, தோட்டத்தின் கோடியில் உயர்ந்து நின்ற மண் மேட்டைப் பார்க்க வைத்து, அந்த வெருளியை அதில் இருத்தினார். வயலில் குருவிக்குக் கட்டுவோமே, அதே வெருளி. பிறகு களஞ்சியத்துக்குள் போய், ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கென்று சிஞ்ஞோரா வலையில் கட்டித் தொங்கவிட்டிருந்த மஞ்சள் மெலோன் பழத்தைக் கொண்டு வந்து கழுத்தில் குத்தினார். என் வீட்டுக்காரர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி அதற்குப் போட்டார்.

"அண்ணை, உது என்ன விளையாட்டு?" என்று இவர் கேட்டார்.

"நீதான். வடிவாய்ப் பார்."

சத்தம் கேட்டுத் தொத்தோரே கோப்பியோடு வந்தார். நான் கோபம் வரும் என்று பார்த்தால், மனுஷன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சிஞ்ஞோராவையும் கூப்பிட்டார். சர்க்கஸ் ஓசியில் வந்திருக்கிறது, ஏன் விடுவான்? அண்ணை துவக்கையும் தோட்டாப் பெட்டியையும் கேட்டு வாங்கி, துவக்கை வெருளியின் தோளில் பொருத்தி, மெலோன் கன்னத்தோடு அணைத்து, கதிரையோடு கம்பியால் இறுக்கிக் கட்டினார். விசையில் தங்கூசியை முடிந்து கதிரைக் காலால் சுற்றி எடுத்து, பக்கத்தில் இருந்த கல் மதிலுக்குப் பின்னால் எங்கள் எல்லோரையும் குந்த வைத்தார்.

"வன்னியிலை என்ரை மாமன் ஆக்கள் தண்ணிக் குழாயிலை துவக்குச் செய்யிறவை. புதுத் துவக்கை ஒருத்தரும் கையிலை பிடிச்சு முதல் வெடி வைக்கிறேல்லை. கட்டிவைச்சுக் கயிறு இழுக்கிறதுதான். புது மருமகனையும் புதுத் துவக்கையும் உடனை முகத்துக்குக் கிட்ட விடப்படாது."

இழுத்தார். டமார். மேட்டில் மண் பறந்தது. வெருளி அப்படியே இருந்தது. தொத்தோரே கைதட்டினார். "பார்த்தீர்களா? அருமையான துவக்கு!" என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்து, எடுத்துச் சுட எழும்பினார்.

"இருடா!" என்று அண்ணை அவர் கையைப் பிடித்து இழுத்தார். "முதல் வெடி சரி எண்டால் முழுக்கச் சரியோ? முதல் நாள் எல்லாச் சிஞ்ஞோராவும் நல்லவதான்!"

போய்ப் பூட்டைத் திறந்தார். தோட்டா போட்டு மூடுகிற அந்த இரும்புப் பூட்டு முதலில் இரண்டு விரலால் இழுத்தாலே திறந்தது. அடுத்த தோட்டா. மதிலுக்குப் பின்னால் வந்து குந்தி, நூலைப் பிடித்து, திடீரென்று கத்தினார்: "இது என்ரை வள்ளத்தைக் கொளுத்தினவனுக்கு!"

டமார்.

"இது என்னை லொறிக்குள்ளை அடைச்சு விட்டிட்டு ஓடின ஏஜென்சிக்காரனுக்கு!"

டமார்.

"இது கூரை ஒழுகுது எண்டால் குடை பிடி எண்டு சொன்ன வாடகை வீட்டுக்காரனுக்கு! இது அந்த மொண்டெல்லோ மீனுக்கு!"

அந்த மனிதருக்குள் இவ்வளவு கோபமா என்று வாய் பிளந்து பார்த்தேன். அவ்வளவு கத்தியும் தீர்க்க முடியாமல் மிச்சம் வைத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டு இறுகிக்கொண்டே வந்தது. இரண்டு விரலுக்குத் திறந்தது இப்போது முழுக்கைப் பலத்துக்குத்தான் திறந்தது. பிறகு ஒரு மரக்கட்டையால் தட்ட வேண்டியிருந்தது. வெளியே விழுந்த வெற்றுத் தோட்டா அடிப்பக்கம் வீங்கிக் கிடந்தது. அதை எடுத்து எனக்குக் காட்டினார். "பார் பிள்ளை, இதுவும் உன்ரை மனுசன் மாதிரித்தான். வெளியிலை சத்தம் இல்லை, எல்லாம் உள்ளுக்கை."

தொத்தோரேயின் சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டா விலை கூடியது, போதும் என்று கையை ஆட்டினார். அண்ணை காதில் வாங்கவில்லை.

"இது பொம்பிளைப் பிள்ளையை யன்னலிலை ஏத்தி விட்டவளுக்கு!"

டமார். நான் வெட்கத்தில் கதைக்காமல் திரிந்த அந்த நாட்கள் எல்லாம் இந்த மனிதர் என் கோபத்தையும் சேர்த்துத் தன் கணக்கில் சுமந்திருக்கிறார்.

பெட்டியில் ஒரே ஒரு தோட்டா மிஞ்சியது. தொத்தோரே அதைக் கேட்டுக் கை நீட்டினார். அண்ணை கொண்டுபோய்ப் போட்டு, கட்டையால் தட்டிப் பூட்டை மூடி, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வந்து குந்தினார். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது இந்த மொக்கனுக்கு. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லுறதுக்கு."

அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. டமார் இல்லை. கிழிந்தது. எலுமிச்சை இலைகள் கொட்டின. எழும்பிப் பார்த்தோம். பூட்டு பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போய் மரமொன்றில் ஏறியிருந்தது. வார்னிஷ் கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது. சேட்டு கருகிப் புகைந்தது. தொப்பி எங்கே என்று தெரியவில்லை. துவக்கோடு அணைத்திருந்த பக்கம், கண்ணும் கன்னமும் இருக்க வேண்டிய பக்கம், மெலோனில் ஒன்றுமே இல்லை.

என் வீட்டுக்காரர் மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தார்.

தொத்தோரே முதலில் சொன்ன வார்த்தை, "என் துவக்கு!" சிஞ்ஞோரா முதலில் சொன்ன வார்த்தை, "என் மெலோன்!"

அவ்வளவுதான். கட்டுநாயக்காவில் நான் விட்டுவிட்டு வந்தது அந்த நிமிஷம் பகேரியாவில் வந்து இறங்கியது.

"உன்ரை துவக்கோ? உன்ரை துவக்கோ! அந்தக் கதிரையிலை இருந்திருக்க வேண்டியது என்ரை மனுசனடா! மெலோனுக்கு அழுறா உன்ரை பெண்சாதி! நாங்கள் என்ன, குருவி கலைக்கிற வெருளியோ? நாங்கள் செத்தால் வேறை ரெண்டு பிராவி வரும் எண்டு நினைச்சியோ?"

முழுக்கத் தமிழ். முதலாளியை 'டா' போட்டேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் கதிரையைக் காட்டி, எனக்குத் தெரிந்த இத்தாலியனில், "சாலி தூ!" என்றேன். கதிரைக்குச் சொல்ல வேண்டிய சொல் அதுவல்ல. ஆனால் தொத்தோரே சிசிலிக்காரர். அவருக்குச் சத்தம் விளங்கியது. மனுஷன் இரண்டடி பின்னுக்குப் போனார். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிழமையே உடைந்த துவக்கை நகரத்தில் துவக்குக் கடை வைத்திருக்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். கார் ஓட்டியது இவர், அதனால் கதை வீட்டுக்கு வந்தது. கடைக்காரர் துண்டுகளைப் பார்த்துவிட்டுத் தொத்தோரேயைத் திட்டினாராம். அந்த இரும்பு அந்தக் காலத்து வெடிமருந்துக்கு அளந்து செய்தது. கடைந்தவன் அறையை அளவுக்கு மிஞ்சிக் கடைந்திருக்கிறான். தோட்டா உள்ளே தளர்ந்து நின்று, ஒவ்வொரு வெடிக்கும் பூட்டை ஓங்கி உதைத்திருக்கிறது. ஒவ்வொரு உதைக்கும் இரும்பில் விழுந்த வெடிப்புக் கொஞ்சம் நீண்டிருக்கிறது. இப்படி மாற்றிய துவக்கைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே இடம் இருக்கிறது, முத்திரை இல்லாததைச் சுவரில் கூட மாட்டக் கூடாது, ஒரு வெடி தாங்கியது என்பது ஒன்றுக்கும் அத்தாட்சி இல்லை என்றாராம். "கடைசியாக இதைச் சுட்டது யார்? உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டிருக்கிறார்.

தொத்தோரே, "ஒரு மெலோன்" என்றாராம்.

எங்கள் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அண்ணைக்கு ஆள் அனுப்பித் திரும்ப வரச் சொன்னார். "மனுசனை விட்டுத் துவக்குக்கு அழுத ஆளின்ரை எலுமிச்சைக்கு நான் தண்ணி விடன்" என்று அண்ணை படிக்கட்டில் நின்று ஆறு வீட்டுக்கும் கேட்கச் சொன்னார். வேலை இல்லாமல் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. வடக்கே பொலோஞ்ஞாப் பக்கம் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறிவிட்டார். வழியனுப்பப் போன எங்களை, பிளாட்பாரத்தின் விளிம்புக்குக் கிட்ட நிற்கிறோம் என்று ரயில் மறையும்வரை ஏசினார். அதற்குப் பிறகு கட்டடம் அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

இன்றைக்கும் போன் எடுப்பார். வயது போய்விட்டது, குரல் போகவில்லை. சுகமா என்று கேட்கிற வழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது. எடுத்ததும், "காஸ் குழாய் மாத்தினியோ?" என்பார். எங்கள் வீட்டில் காஸ் இல்லாமல் போய்க் கன காலம். எல்லாம் கரண்ட் அடுப்பு. ஆனாலும் நான், "ஓம் அண்ணை, போன மாதம்தான் மாத்தினனான்" என்கிறேன். "எந்தக் கடைக் குழாய்? நல்ல குழாயோ?" என்று கத்துவார். நான் தடுமாறி ஒரு கடையின் பெயரைச் சொல்வேன். பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் சிரிப்பார், முழு முகத்தோடும்.